முப்பதாயிரத்துக்குள் எஸ்எஸ்டி லேப்டாப்: புதுசா, ஆபீஸில் ஓடிய பழசா?

கொடுங்கையூர் செல்வி:
தம்பி இந்த வருடம் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறான். கையில் முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. தவணை வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) இருந்தால்தான் வேகமாக ஓடும் என்று எல்லோரும் சொன்னதால் அதைக் கேட்டே தேடினோம்.

பெரம்பூர் கடை ஒன்றில் இரண்டு புதுசு காட்டினார்கள். ஒன்று செலரான் என்4020 சிப், 4 ஜிபி ராம் (புரோகிராம்கள் ஓடும்போது பயன்படும் மெமரி), 128 ஜிபி, விலை 22,000. இன்னொன்று ரைசன் 3 7320யூ சிப், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பழைய ஸ்டாக் என்பதால் 29,500க்குத் தருகிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், கம்பெனியில் ஓடிய லெனோவோ திங்க்பேட் டி480 இருக்கிறது. இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை சிப், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 19,000 ரூபாய், மூன்று மாத வாரண்டி.

தம்பி கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறித்தான் காலேஜ் போகிறான், தினமும் பையில் இருக்கும். ஜாவா, பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் படிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

லோகோ பாலா:
டி480 எடுங்கள். ராமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிறது, 32 ஜிபி வரை போடலாம். எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம். வெளியே ஒரு பேட்டரி, உள்ளே ஒரு பேட்டரி. வெளியே இருப்பதைக் கடைக்குப் போகாமல் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

7320யூ என்ற பெயரைப் பார்த்துப் புதுசு என்று நினைக்காதீர்கள். சிப் 2022இல் வந்தது, ஆனால் உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏற்கும், அது போர்டிலேயே ஒட்டி வரும். இன்றைக்கு 8 ஜிபி என்றால் மூன்று வருடமும் 8 ஜிபிதான். அதிலும் கிராபிக்ஸுக்கு ஒரு பங்கு போய்விடும். கடைசி வருடம் புராஜெக்டுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள்ளேயே செல்போன் மாதிரி ஓடும் புரோகிராம்) சேர்த்து ஓட்டினால் திணறும்.

திருவொற்றியூர் கார்த்தி:
பாலா அண்ணா சொல்வதில் ராம் விஷயம் சரி. மற்றதை நான் ஏற்கவில்லை. எட்டாம் தலைமுறை 2017இல் வந்தது, டி480 2018 மாடல். அந்தப் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. காலேஜில் பிளக் பாயிண்ட் தேடி அலைய வேண்டியது தம்பிதான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் இன்டெல் வரிசை ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதாவது நீங்கள் வாங்கப்போவது அந்த வரிசையிலேயே மிகப் பழைய படி. அடுத்த விண்டோஸ் வந்தால் இது உள்ளே இருக்குமா? கடன் வாங்காமல் சேர்த்த காசு, செல்வி அக்கா. ஒரு வருட கம்பெனி வாரண்டியோடு புதுசாக வாங்குவதுதான் பாதுகாப்பு.

புளியந்தோப்பு ஜமால்:
எல்லோரும் எஸ்எஸ்டி எஸ்எஸ்டி என்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் பழுதானால் சத்தம் போட்டுச் சொல்லும். பல நேரம் டேட்டாவையும் மீட்டுக் கொடுப்பார்கள். எஸ்எஸ்டி போனால் ஒரு நொடியில் செத்துவிடும். அழித்த ஃபைலைத் திரும்ப எடுப்பதும் கஷ்டம். அதே காசுக்கு ஹார்ட் டிஸ்கில் 1 டிபி (1,000 ஜிபி) கிடைக்கும். படிக்கிற பையனுக்கு இடம்தானே முக்கியம்?

ராயபுரம் சர்வீஸ் சேகர்:
ஜமால் பாய், டேட்டா மீட்பதைப் பற்றிச் சொன்னது உண்மை. ஃபைலை அழித்ததும், அந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடும், அப்புறம் அந்த இடத்தை எஸ்எஸ்டி உள்ளுக்குள் துடைத்துவிடும். அதனால்தான் முக்கியமானதை பென் டிரைவிலோ கிளவுடிலோ இன்னொரு பிரதி வைக்கச் சொல்கிறோம். பி.சி.ஏ. பையனின் புரோகிராமும் நோட்ஸும் எல்லாம் சேர்ந்தாலும் சில ஜிபிதான் வரும்.

ஆனால் தினமும் ரயிலில் போகிற பைக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம். லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன்மேல் ரீட் ஹெட் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. ஸ்லீப்பில் போடாமல் மூடி பையில் திணித்து, காலை நேரக் கும்மிடிப்பூண்டி லைன் நெரிசலில் ஒரு இடி வாங்கினால் போதும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை.

வேகத்துக்கும் காரணம் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்கில் ஒரு சின்னத் துண்டைத் தேடி எடுக்கவே பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். சாதாரண எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. விண்டோஸ் திறக்கும்போது இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் படிக்கப்படுகின்றன. மனிதன் உணர்கிற வித்தியாசம் அங்கேதான் வருகிறது. எஸ்எஸ்டியில் இரண்டு வகை உண்டு: பழைய வகையான சாட்டா நொடிக்கு 550 எம்பி, வேகமான வகையான என்விஎம்இ 3,500 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பது பெரிய வீடியோ ஃபைல் நகர்த்துபவர்களுக்கு. ஜாவா படிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

செல்வியம்மா, முக்கியமான ஒன்று. அந்த 22,000 ரூபாய் மெஷினில் இருப்பது எஸ்எஸ்டி என்று கடையில் சொன்னார்களா?

கொடுங்கையூர் செல்வி:
ஆமாம் அண்ணா, "எஸ்எஸ்டி மாதிரிதான், சிப் டைப்" என்றார்கள்.

ராயபுரம் சர்வீஸ் சேகர்:
அப்படியென்றால் அது ஈஎம்எம்சியாகத்தான் இருக்கும். மாடல் நம்பரை வைத்துக் கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள், ஸ்டோரேஜ் என்ற வரியில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். அதுவும் ஃபிளாஷ் மெமரிதான், செல்போனில் இருக்கும் வகை. போர்டில் ஒட்டியிருக்கும். இடம் போதாவிட்டால் மாற்ற முடியாது. பழுதானால் போர்டோடு போக வேண்டியதுதான். 4 ஜிபி ராமில் பிரவுசரைத் திறந்தாலே நிறைந்துவிடும். நிறைந்ததும் விண்டோஸ் ஸ்டோரேஜையே ராம் மாதிரி பயன்படுத்தி எழுதிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

லோகோ பாலா:
நான் சொன்னதற்கு இதுவே போதும். லேபிளில் எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்பதைவிட, அது கெட்டால் நாம் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். வாங்குகிற காசு குறைவாக இருப்பவர்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். இன்னொரு லேப்டாப் வாங்க நமக்கு யார் தருவார்கள்?

திருவொற்றியூர் கார்த்தி:
அண்ணா, அந்த ரைசன் மெஷினில் எஸ்எஸ்டி எம்.2 ஸ்லாட்டில் (சின்ன அட்டை போல எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் அதையும் கழற்றலாமே. ஒட்டியிருப்பது ராம் மட்டும்தான். பழைய லேப்டாப்பில் இருக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி யாருடையது, எவ்வளவு எழுதப்பட்டது (எழுத எழுத எஸ்எஸ்டி தேயும்) என்பதை மட்டும் ஏன் பேச மறுக்கிறீர்கள்? கம்பெனி டிரைவை எடுத்துவிட்டு, பெயர் தெரியாத ஒன்றைப் போட்டு விற்பதும் நடக்கிறது.

லோகோ பாலா:
எழுதும் அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம் கார்த்தி. பெயருள்ள கம்பெனிகளின் மலிவான 240 ஜிபி எஸ்எஸ்டிக்கே 80 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் கொடுக்கிறார்கள். ஒரு மாணவன் தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள் வரும், பத்து வருடத்துக்கு மேல்.

திருவொற்றியூர் கார்த்தி:
புது டிரைவுக்கு அந்தக் கணக்கு சரி. ஆபீஸில் ஏற்கெனவே எவ்வளவு போனது என்று பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

ராயபுரம் சர்வீஸ் சேகர்:
பார்க்க வழி இருக்கிறது. பென் டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிரைவ் சோதிக்கும் புரோகிராமைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். டிரைவின் பெயர், ஓடிய மணி நேரம், ஆரோக்கிய சதவீதம் மூன்றையும் காட்டும், பெரும்பாலான டிரைவில் எழுதிய மொத்த அளவும் தெரியும். பேட்டரிக்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை உண்டு. புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு என்று இரண்டும் வரும். பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள்.

டி480க்கென்றே இன்னும் இரண்டு. பலவற்றில் 1366×768 என்ற தெளிவு குறைந்த திரைதான் இருக்கும், நாள் முழுக்கப் புரோகிராம் பார்க்கிற கண்ணுக்கு அது நல்லதல்ல. முழு எச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) திரை கேட்டு வாங்குங்கள். அப்புறம், டைப்-சி போர்ட் இரண்டிலும் சார்ஜர் போட்டுப் பாருங்கள். அந்தக் கால மாடல்களில் தண்டர்போல்ட் (வேகமான டைப்-சி போர்ட்) ஃபர்ம்வேரில், அதாவது அதன் உள் மென்பொருளில், கோளாறு ஒன்று இருந்தது, லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாமலே ஓடிய மெஷினில் போர்ட் செத்திருக்கலாம்.

கடைசியாக, அடிப்பக்க ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு நம் பக்கம் எவ்வளவு மெஷின் தண்ணீர் குடித்தது என்று உங்களுக்கே தெரியும். கடல்காற்று வேறு.

வியாசர்பாடி மாணவி:
அக்கா, 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். தம்பி பெயர் வருமா என்று காலேஜில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வருவதாக இருந்தால் முப்பதாயிரம் முழுதையும் இதில் போட வேண்டாம்.

லோகோ பாலா:
கேட்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி சிப் இரண்டும் விலை ஏறிவிட்டன. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு அவ்வளவு போகிறது. பையனுக்கு முதல் செமஸ்டரே லேப் இருக்கிறது.

கொடுங்கையூர் செல்வி:
எல்லோருக்கும் நன்றி. செலரான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறோம். சேகர் அண்ணா சொன்னதை எல்லாம் பார்த்து, எஸ்எஸ்டி, பேட்டரி, திரை மூன்றும் சரியாக இருந்தால் டி480. மிச்சக் காசில் இன்னொரு 8 ஜிபி ராம் போட்டுக்கொள்கிறோம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் பெரம்பூருக்குத் திரும்பி ரைசனை வாங்கிவிடுவேன்.

திருவொற்றியூர் கார்த்தி:
நான் இன்னும் புதுசு பக்கம்தான். ஆனாலும் அங்கே வாங்கினால் பில்லில் சீரியல் நம்பரையும் எஸ்எஸ்டியின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள் அக்கா. மூன்று மாத வாரண்டியில் பேட்டரி சேருமா என்பதையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.