20 நிமிஷம் ஓடியதும் நின்றுவிடும் பழைய வேன்: காயிலா, பெட்ரோலா?

வேன்பித்தன்:

வணக்கம். 6 வருஷமாக ஷெட்டில் தூங்கிய ஒரு பழைய பெட்ரோல் வேனை எழுப்பியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி, பாயிண்ட் கண்டென்சர் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துக் கொடுப்பது), இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்.

இதுவரை செய்தது: டேங்கை இறக்கவில்லை, அடி பிளக்கைத் திறந்து கெட்டுப்போன பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி ரிப்பேர் கிட் போட்டேன். புது ஃபில்டர், புது பிளக், புது பாயிண்ட், புது கண்டென்சர். துருப்பிடித்துப் போயிருந்த டேங்க் மூடிக்குப் பதிலாகப் பூட்டு வைத்த புது மூடி. பேட்டரியும் புதுசு.

காலையில் அரை சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் அருமை. ஆனால் கிளம்பி 20 நிமிஷம் ஆனால் போதும், இழுவை குறைந்து, ரெண்டு மூணு முறை குலுங்கி, நின்றுவிடுகிறது. உடனே சாவி போட்டால் சுற்றும், பிடிக்காது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த 10 நிமிஷத்தில் மறுபடி அதே கதை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது.

சம்பந்தமில்லாத இன்னொரு சந்தேகம்: ஓடும்போது எப்போதாவது பின்பக்கம் அடியில் தகரத்தைத் தட்டினாற்போல் 'டொக்' என்று ஒரு சத்தம். லீஃப் ஸ்பிரிங் புஷ் போயிருக்குமா?

ஸ்பேனர்12:

பிளக்குக்கு நெருப்பு கொடுக்கிற காயில் தாங்க. சூடானா கட் ஆகும், ஆறினா வேலை செய்யும். எங்க வண்டியிலயும் இதே மாதிரிதான், கண்ணை மூடிட்டு மாத்தினேன், சரியாயிடுச்சு. மாத்திப் பாருங்க.

நைட்டிரைவர்:

சீட்டுக்கு அடியில் இன்ஜின் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஏர் லாக். பெட்ரோல் 35 டிகிரியை ஒட்டியே கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். பம்ப்பும் குழாயும் அந்தச் சூட்டில் வெந்தால் உள்ளே போவது பெட்ரோல் இல்லை, குமிழிதான். நின்றதும் பம்ப் மேல் ஈரத் துணி போட்டுப் பாருங்கள். குழாய் சைலன்சர் பக்கமாகப் போகிறதா என்றும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

பழைய_கார்புரேட்டர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். காயில், கண்டென்சர், ஏர் லாக், பம்ப், டேங்க் அடைப்பு எல்லாமே இதே மாதிரிதான் வேஷம் போடும்: சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். வீட்டில் நன்றாக ஓடும் வண்டியில் தேடினால் எதுவும் கிடைக்காது. அது செத்துக் கிடக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த நேரம்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. பிளக்கில் நெருப்பு (ஸ்பார்க்) போனால் சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் பட்டென்று நிற்கும். இழுவை குறைந்து, குலுங்கி, கெஞ்சி நிற்பது பெரும்பாலும் பெட்ரோல் வராத வண்டி. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத்தான் சாகும், அதனால்தான் அந்தக் குலுங்கல்.

ஆனாலும் பார்த்துவிட்டே பேசலாம். ஒரு பழைய பிளக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நின்றதும் முதலில் நெருப்பு: ஒரு பிளக் வயரை உருவி அந்தப் பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் இரும்பில் அழுத்தமாகப் படும்படி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'டப் டப்' என்று அடித்தால் காயில் நிரபராதி. இது முடிந்து, பிளக் வயரைப் பழையபடி மாட்டிய பிறகுதான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும், மாற்றிச் செய்து தீ வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் சாவியை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டரைக் கையால் ஒரு தடவை திருகுங்கள். கோடாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, கிண்ணம் காலி.

வேன்பித்தன்:

ரொம்ப நன்றி அண்ணா. கொஞ்சம் அவசரப்பட்டுக் காயில் வாங்கி மாட்டிவிட்டேன் (ஸ்பேனர் சார், கோபமில்லை). 20 நிமிஷத்தில் அதே இடத்தில் அதே மரணம்.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். நெருப்பு பளீரென்று நீலம். கார்புரேட்டரில் ஒரு சொட்டுகூட வரவில்லை. கண்ணாடி ஃபில்டரில் அடியில் கொஞ்சம்தான் பெட்ரோல், துரு எதுவும் தெரியவில்லை. ஈரத் துணி போட்டேன், எந்த மாற்றமும் இல்லை.

புகைக்குழல்:

அப்போ பம்ப். 6 வருஷம் சும்மா கிடந்ததில் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயாபிரம்) விறைத்துப் போயிருக்கும். கூடவே பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாயையும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உள்ளுக்குள்ளே ஊறி இளகிவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பம்ப் உறிஞ்சும்போது உள்சுவர் ஒட்டிக்கொள்ளும். பம்ப் சோதனை: காயில் வயரைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் நல்லா துப்பணும். இன்ஜின் ஆறின பிறகு மட்டும்.

பழைய_கார்புரேட்டர்:

பம்ப் போயிருந்தால் காலையில் முதல் 20 நிமிஷம் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்? வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் வரிசையில் அது பின்னால்தான்.

தம்பி, மூன்று கேள்வி. வண்டி எழுந்த முதல் நாளிலிருந்தே இப்படியா? இப்போது டேங்கில் எவ்வளவு இருக்கிறது? அந்தப் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

வேன்பித்தன்:

யோசித்துப் பார்த்தால், முதல் ஒரு வாரம் இந்தத் தொந்தரவே இல்லை! அப்போது 5 லிட்டர் ஊற்றி அக்கம்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய மூடிதான் இருந்தது. அப்புறம் புது மூடி வந்தது, அதே நாள் சந்தோஷத்தில் கழுத்து வரைக்கும் ஃபுல் டேங்க் அடித்தேன். அதற்கப்புறம்தான் இது. பழைய மூடி டப்பாவில் இருக்கிறது, ரப்பர் வாஷர் பாதி உதிர்ந்துவிட்டது.

பழைய_கார்புரேட்டர்:

அடுத்த முறை நின்றால் வேறு எதையும் தொடாமல் நேராகப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேளுங்கள்.

காரணம் இதுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழி அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் டேங்க் ஒரு பக்கம் இழுக்க, பம்ப் மறுபக்கம் இழுக்க, டேங்க் ஜெயித்துவிடும். போதாக்குறைக்கு, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும்.

கழுத்து வரை நிரப்பினால் ஏன் மோசம்? மேலே காற்று இருக்கும் இடம் 2 லிட்டர் என்று வையுங்கள். ஒன்றேகால் லிட்டர் எரிந்தால் அதே காற்று மூன்றேகால் லிட்டருக்கு விரிந்தாக வேண்டும். பாதி டேங்கில் 20 லிட்டர் காற்று இருந்தால் அது இருபத்தொன்றேகால் ஆகிறது, இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க ஈடுகட்டாது. உங்கள் 5 லிட்டர் வாரம் நிம்மதியாகப் போனதற்கு அது ஒரு காரணம். கிழிந்த வாஷர் வழியாகப் பழைய மூடி திருட்டுத்தனமாகக் காற்று விட்டது இன்னொரு காரணம். கால் மணி நேரத்தில் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே வருகிறது, வண்டி மறுபடி ஓடுகிறது.

அந்த 'டொக்' சத்தத்தை ஸ்பிரிங் கணக்கில் எழுதாதீர்கள். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

வேன்பித்தன்:

அண்ணா, மூடியைத் திருகினதும் 'உஸ்ஸ்ஸ்' என்று எனக்கே பயம் வருகிற மாதிரி காற்றை இழுத்தது. கூடவே அடியிலிருந்து அதே 'டொக்'! டேங்கின் அடித்தகரம் உள்ளே குழிந்து போய், மூடியைத் திறந்ததும் வெளியே வந்திருக்கிறது. நான் புஷ் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

செல்ஃப் அடித்தேன், நாலு சுற்றில் பிடித்துக்கொண்டது.

ஸ்பேனர்12:

அட! சரி, புது மூடியில ஒரு சின்ன ஓட்டை போட்டுடுங்க, முடிஞ்சுது வேலை.

பழைய_கார்புரேட்டர்:

ஓட்டை வேண்டவே வேண்டாம். வளைவில் பெட்ரோல் தெளிக்கும், வண்டி சாய்ந்தால் ஒழுகும், ஆவி வேனுக்குள் வரும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டுவதும் அதே ஆபத்துதான்.

அதோடு, மூடி மட்டும் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன். மூச்சே விடாத மூடியை ஒரு டேங்க் தாங்குகிறதென்றால், அதற்குத் தனியாக ஒரு மூச்சுக்குழாய் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் குழாயை ஒட்டி, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் டேங்கின் மேலிருந்து ஏறி, எங்காவது பாடிக்குள் திறந்திருக்கும். அதைத் தேடுங்கள். கிடைத்தால் காற்றடித்து ஊதாதீர்கள், அடைப்பு டேங்குக்குள் போய் விழும். ரெண்டு முனையையும் கழற்றி, தனியாக வெளியே எடுத்துக் கம்பி விடுங்கள்.

வேன்பித்தன்:

கிடைத்தது. பின் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டு உள்பக்கம். திறந்த முனையில் குளவி மண் கூடு கட்டியிருக்கிறது. அதுவும் சும்மா இல்லை, விரலளவு நீளத்துக்கு உள்ளே போய் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கிறது. 6 வருஷத்தில் எத்தனை தலைமுறை வளர்ந்ததோ. குழாயும் வெடித்திருந்ததால் புதுசே போட்டுவிட்டேன், நுனியில் ஒரு சின்ன வலை கட்டினேன்.

மறுபடி கழுத்து வரை நிரப்பி, புது மூடியையே பூட்டி, ஒரு மணி 10 நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டினேன். நிற்கவில்லை. வந்து மூடியைத் திறந்தேன், உஸ் சத்தமும் இல்லை, டொக்கும் இல்லை.

பழைய_கார்புரேட்டர்:

நல்லது. இத்தனை முறை உள்ளே குழிந்து வெளியே வந்த தகரம், ஓரத் தையலில் விட்டிருக்கலாம். ராத்திரி டேங்குக்கு அடியில் ஒரு காய்ந்த அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறையோ வாசனையோ இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். அந்த வலையில் புழுதி சேரும், ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை தட்டிவிடுங்கள்.

வேன்பித்தன்:

அட்டை காய்ந்தே இருக்கிறது, ரெண்டு ராத்திரி பார்த்துவிட்டேன்.

ஸ்பேனர்12:

அந்தப் பழைய காயிலைக் குப்பையில போட்டுடாதீங்க. நல்ல காயில், சீட்டுக்குப் பின்னாடி வச்சுக்கோங்க. பாயிண்ட் வண்டிக்கு எப்பவாவது உதவும்.