ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, சேனல் எப்படிப் போனது?

பூம்பாறைப் பூண்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பூண்டு, உருளை, கொஞ்சம் பீன்ஸ் போடுகிறோம். நாலு வருடமாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். பாத்தி கட்டுவது, விதைப்பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவது, பூண்டுக் குழம்பு, குழந்தை வேலப்பர் கோயில் தேர் என்று 212 வீடியோ. 38 ஆயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். வருமானம் என்று பார்த்தால் மாதம் சிலிண்டருக்கும் ரீசார்ஜுக்கும் ஆகும், அவ்வளவுதான். ஆனால் என் மாமியார் கடைசியாகப் பேசியது, சிரித்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை.

போன மாதம் பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியிருந்தேன். எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள். "அம்மா, நம்ம சேனல்ல எவனோ கோட்டுப் போட்டவன் லைவ்ல பேசிட்டிருக்கான்." திறந்து பார்த்தால் சேனல் பெயரே வேறு. என் முகம் இருந்த இடத்தில் ஒரு தங்கக் காசு. வீடியோ ஒன்றுகூட இல்லை. ஒரு கிரிப்டோ காயின் அனுப்பினால் இரண்டாகத் திருப்பித் தருவோம் என்று கீழே ஓடுகிறதாம், மகள் படித்துச் சொன்னாள். வியாபாரி "என்னக்கா, எடையைப் பாக்கலையா" என்கிறார், எனக்குக் காது அடைத்துவிட்டது. அன்றைக்கு என்ன விலை போட்டார் என்பதே வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. அதையும் அந்தத் திருடன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பெரியகுளத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கணக்கை மீட்கப் பார்த்தேன். நாலு தடவையும் "நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதி செய்ய முடியவில்லை" என்றே வந்தது. மறுநாள் வீட்டில், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனில், அதே சிம் நெட்டில் முயன்றேன். பழைய நம்பருக்குக் கோடு அனுப்பட்டுமா என்று கேட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் எங்கள் வீட்டில் எஸ்எம்எஸ் வரும். ஏறி நின்றேன், வந்தது. கணக்கு கைக்கு வந்தது. சேனலும் வீடியோக்களும் முழுதாகத் திரும்ப ஆறு நாள் ஆனது. நல்லவேளை, அழிக்கவில்லை, எல்லாவற்றையும் பிரைவேட்டில் போட்டு ஒளித்துத்தான் வைத்திருந்தான்.

இப்போது என் கேள்வி. பாஸ்வேர்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் அக்கா மகன் திண்டுக்கல்லில் இருக்கிறான், அவன்தான் எடிட் செய்து ஏற்றுவான், அவனுக்கு மட்டும் தெரியும். வீட்டுப் பிள்ளை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுத்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு ஓடிபிகூட வரவில்லை, நான் யாருக்கும் சொல்லவும் இல்லை. அப்படியிருக்க எப்படி உள்ளே வந்தான்? எந்த வழியாக வந்தான் என்று தெரியாமல் பூட்டை மாற்றி என்ன பயன்?

---

செண்பகனூர் வளைவு பதில்:

அக்கா, ஓடிபி வராததுதான் துப்பே. அவன் லாகின் செய்யவே இல்லை. நீங்களோ உங்கள் அக்கா மகனோ ஏற்கனவே செய்து வைத்திருந்த லாகினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி உள்ளே போகும்போது கையில் ஒரு முத்திரை குத்துவார்கள் இல்லையா? வெளியே வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினால் டிக்கெட் கேட்கமாட்டார்கள், கையைக் காட்டினால் போதும். கூகுளும் அப்படித்தான். பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் ஒருமுறை சரியாகக் கொடுத்துவிட்டால் பிரௌசருக்குள் குக்கீ என்று ஒரு சின்னக் குறிப்பைப் போட்டுவைக்கும். அடுத்தமுறை திறக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்தே உள்ளே விட்டுவிடும். அந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுத்து அனுப்பும் வைரஸ் இருக்கிறது. நகல் கையில் வந்தபிறகு அவனுக்கு ஓடிபி எதற்கு? பிரௌசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டையும் பெரும்பாலும் அதோடு சேர்த்து அள்ளிவிடும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. யூடியூப்காரர்களைக் குறிவைத்து 2019 கடைசியிலிருந்தே இப்படி நடக்கிறது என்று கூகுளே 2021 அக்டோபரில் விவரமாக எழுதியது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலையே இப்படித்தான் தூக்கினார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவதே தொழிலாக வைத்திருக்கும், ஒன்றரைக் கோடிப் பேர் பார்க்கும் சேனல் அது. அங்கேயும் விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஒரு ஃபைலை அலுவலகத்தில் ஒருவர் திறந்ததுதான் காரணம்.

அதனால் கேட்கிறேன், கடந்த இரண்டு மாதத்தில் விளம்பரம், ஸ்பான்சர் என்று ஏதாவது மெயில் வந்ததா? ஜிப் ஃபைல், அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு, உள்ளே "ஒப்பந்தம்" என்ற மாதிரி? கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற இடத்தில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலையும் பாருங்கள். எந்தெந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு திறந்து கிடக்கிறது என்று காட்டும்.

---

மீட்பு நிபுணர் 24 பதில்:

என் சேனலும் இதேபோல் போனது. ஒரு நிபுணர் இரண்டே மணி நேரத்தில் மீட்டுத் தந்தார். மிக நேர்மையானவர். தனிச் செய்தியில் வாருங்கள், வாட்ஸ்அப் எண் தருகிறேன்.

---

கவுஞ்சி மேடு பதில்:

அக்கா, மேலே வந்த ஆளிடம் பேசாதீர்கள். சேனல் போச்சு என்று யாராவது எழுதினால் போதும், அரைமணி நேரத்தில் இப்படி ஒரு "நிபுணர்" வந்து நிற்பான். முதலில் ஐயாயிரம் கேட்பான், அப்புறம் "சர்வர் கட்டணம்" என்பான், கடைசியில் உங்கள் பாஸ்வேர்டையே கேட்பான். என் மச்சான் இப்படி எட்டாயிரம் விட்டான். யூடியூப் உதவிக்குக் காசு வாங்காது. எக்ஸ் தளத்தில் டீம் யூடியூப் என்ற அவர்களுடைய கணக்கு இருக்கிறது. அதற்கு எழுதினாலும் பொய்க் கணக்குகள் கீழே வந்து மொய்க்கும், ஆகவே யார் பதில் போடுகிறார்கள் என்று பார்த்துப் பேச வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

---

பூம்பாறைப் பூண்டு பதில்:

செண்பகனூர்த் தம்பி, நீங்கள் கேட்டதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. மெயில் வந்தது. பூண்டு உரிக்கும் மெஷின் கம்பெனி என்று. ஒரு வீடியோவுக்கு இருபத்தைந்தாயிரம் தருவோம், மெஷினும் இலவசம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் மலைப்பூண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல் சின்னது, தோல் பிடித்த பிடி விடாது. இதை எந்த மெஷின் உரிக்கப்போகிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் இருபத்தைந்தாயிரம் ஆயிற்றே. "பாத்துச் சொல்லுடா" என்று அக்கா மகனுக்கு நானேதான் அனுப்பி வைத்தேன்.

நேற்று ராத்திரி அவனைக் கேட்டேன். முதலில் ஞாபகமில்லை என்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். ஜிப்பைத் திறந்தானாம். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு ஃபைல். இரண்டு தடவை தட்டினானாம், ஒன்றும் திறக்கவில்லை. வேலை செய்யாத ஃபைல் என்று விட்டுவிட்டான். அதன் அளவு மட்டும் எழுநூறு எம்பிக்கு மேலாம். சாதனப் பட்டியலில் திண்டுக்கல் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருக்கிறது, அது அவனுடையது.

இத்தனை நாளும் மனசுக்குள் அவன் மேல்தான் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகவும் பேசிவிட்டேன். இப்போது பார்த்தால் ஃபைலை அவன் கையில் கொடுத்தவள் நான்.

---

குன்னூர் கொழுந்து பதில்:

அக்கா, அக்காவிடம் பேசிச் சமாதானமாகிக்கொள்ளுங்கள், அது எங்கள் கையில் இல்லை. மற்றதைச் சொல்கிறேன். குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த எழுநூறு எம்பி பிடிஎஃப் எனக்குப் பழக்கமானதுதான். நாலு பக்க ஒப்பந்தம் எதற்கு எழுநூறு எம்பி இருக்க வேண்டும்? பெரிய ஃபைலைப் பல வைரஸ் ஸ்கேனர்கள் சோதிக்காமல் விட்டுவிடும், அதற்காகவே உள்ளே வெறும் குப்பையை அடைத்துப் பெருக்குகிறார்கள். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதும் மெயில் சோதனையில் உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கத்தான். விண்டோஸ் சாதாரணமாக ஃபைல் பெயரின் வாலைக் காட்டாது. அதைக் காட்டும்படி அமைப்பை மாற்றியிருந்தால் பிடிஎஃப் என்பதற்குப் பின்னால் எஸ்சிஆர் என்றோ ஈஎக்ஸ்ஈ என்றோ ஒட்டிக்கொண்டிருப்பது தம்பிக்குத் தெரிந்திருக்கும். எஸ்சிஆர் என்றால் ஸ்கிரீன் சேவர், அதாவது ஓடக்கூடிய புரோகிராம்.

இனி செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். அந்தத் திண்டுக்கல் கம்ப்யூட்டரைத் தொடாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினீர்கள் என்றால், புதியதை உங்கள் அக்கா மகன் அதில் அடிக்கும்போதே திருடனுக்குப் போய்விடும். முதலில் அதை நெட்டிலிருந்து கழற்றி, வேண்டிய வீடியோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இடையில் உங்கள் போனிலிருந்து எல்லாச் சாதனத்தையும் வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும். அப்புறம் ஜிமெயில் அமைப்பில் ஃபில்டர், ஃபார்வர்டிங் (வருகிற மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) இரண்டையும் பாருங்கள். கூகுள் எச்சரிக்கை மெயில் வந்தால் உடனே குப்பைக்குப் போகும்படி திருடன் ஒரு ஃபில்டர் போட்டுவைத்திருப்பான், பலபேர் இதைக் கவனிப்பதில்லை. மீட்பு நம்பர், மீட்பு மெயில் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். நம்பரை மாற்றினாலும் ஏழு நாள்வரை பழைய நம்பருக்குக் கோடு கேட்க கூகுள் விடும். அதனால்தான் உங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

தொட்டி மேல் ஏறுகிற கதை எங்கள் பக்கமும் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய், டவரும் படுத்துவிட்டால் ஓடிபி எங்கிருந்து வரும்? எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்கள். முப்பது நொடிக்கு ஒரு புது எண் காட்டும். சிக்னலே வேண்டாம், போன் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். கூடவே, போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் கோடு எடுத்து வையுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். தாளில் எழுதுங்கள். போட்டோ எடுத்து வைத்தால் அது அதே கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

கடைசியாக, தம்பிக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில் அமைப்புக்குள் அனுமதிகள் என்று இருக்கிறது. அவனுடைய சொந்த மெயிலைச் சேர்த்து எடிட்டர் என்று கொடுங்கள். வீடியோ ஏற்றலாம், தலைப்பு மாற்றலாம். வெளிவந்த வீடியோவை அழிக்க முடியாது, வேறு ஆளைச் சேர்க்கவும் முடியாது. மேனேஜர் கொடுத்துவிடாதீர்கள், அதில் ஆளைச் சேர்க்கும் அதிகாரமும் அவன் கைக்குப் போய்விடும். சேனல் பக்கத்தில் விளம்பரத் தொடர்புக்கு என்று போட்டிருப்பது இதே மெயில்தானே? அதையும் மாற்றுங்கள், அதற்கென்று தனியாக ஒன்று தொடங்குங்கள். வருகிற குப்பையெல்லாம் அங்கே விழட்டும்.

---

செண்பகனூர் வளைவு பதில்:

கொழுந்து சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யூடியூப் பெயரில் வருகிற மெயிலையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2025 மார்ச்சில் யூடியூப் தலைவர் நீல் மோகனே பேசுவதுபோல் ஏஐயில் செய்த வீடியோவைப் பிரைவேட்டாகப் பகிர்ந்து ஏமாற்றினார்கள். யூடியூப் பிரைவேட் வீடியோ அனுப்பித் தகவல் சொல்லாது என்று அவர்களே அறிவிக்க வேண்டியதாயிற்று.

---

பூம்பாறைப் பூண்டு பதில்:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஃபில்டர் ஒன்று நிஜமாகவே இருந்தது தம்பி! கூகுள் என்ற பெயர் வந்தால் நேரே டிராஷுக்கு. அதைப் பார்த்ததும்தான் உண்மையிலேயே கோபம் வந்தது. கோட்டுப் போட்டவன் லைவைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வரவில்லை.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தான். கம்ப்யூட்டரை அழித்துப் போட்டாயிற்று, எடிட்டரும் ஆக்கியாயிற்று. "சித்தி, பாஸ்வேர்டு எனக்கு வேணாம், நிம்மதியா இருக்கேன்" என்றான். பூண்டுக் குழம்பு வைத்தேன், மூன்று தடவை ஊற்றிக்கொண்டான். அக்காவுக்கும் போன் போட்டுப் பேசிவிட்டேன். மாமியார் வீடியோக்களை இறக்கி இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். பத்து எண்ணையும் மகள் தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். முதலில் விதைப்பூண்டுக்குப் பக்கத்தில் செருகலாம் என்று பார்த்தேன், ஒரே மாதத்தில் புகையேறி எண் தெரியாமல் போய்விடும் என்று அவள்தான் தடுத்தாள்.

புது மெயிலுக்கு நேற்றே ஒரு விளம்பரம் வந்துவிட்டது. இந்தத் தடவை இஞ்சித் தோல் சீவும் மெஷினாம்.