மான்செஸ்டரா, எடின்பரோவா? கணினி அறிவியல் இடத்தை முடிவு செய்ய உதவி தேவை

கேள்வி

வணக்கம். பிரிட்டனில் இளநிலை கணினி அறிவியல் படிக்க, வெளிநாட்டு மாணவனான எனக்கு மூன்று இடங்களிலிருந்து நிபந்தனையுடன் அனுமதி வந்திருக்கிறது. மான்செஸ்டரில் ஓராண்டு தொழில்துறைப் பயிற்சியோடு நான்கு ஆண்டுகள். எடின்பரோவில் நான்கு, சவுத்தாம்ப்டனில் மூன்று. மான்செஸ்டர் கேட்கும் மதிப்பெண் மிக அதிகம், சவுத்தாம்ப்டன் கேட்பது குறைவு. நிரல்மொழிகளின் அடிப்படையிலும் மொழியியலிலும்தான் எனக்கு ஆர்வம். வீட்டில் மூன்றாண்டுப் படிப்பே போதும் என்கிறார்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளமான யூகாஸில் எடின்பரோவை ஃபர்ம் (முதல் தேர்வு), மான்செஸ்டரை இன்சூரன்ஸ் (அது கைகூடாவிட்டால் மாற்று) என்று வைத்துவிட்டு, தேர்வு முடிவு வந்த பிறகு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

முடியாது. ஃபர்ம் இடத்தின் நிபந்தனையை எட்டிவிட்டால் அங்கே உங்கள் இடம் உறுதியாகிவிடும், இன்சூரன்ஸ் தானாகவே விலகிவிடும். எடின்பரோவின் மதிப்பெண்ணை எட்டவில்லை என்றால், அதைவிட அதிகம் கேட்கும் மான்செஸ்டர் எப்படிக் கிடைக்கும்? இன்சூரன்ஸாகப் பயன்படக்கூடியது சவுத்தாம்ப்டன்தான். மீதமிருக்கும் கேள்வி ஃபர்ம் எது என்பது மட்டுமே.

பதில் 2 (எடின்பரோவில் படித்து முடித்தவர்)

தம்பி, தரவரிசையை மூடி வைத்துவிட்டு மூன்று இடங்களின் பாடப்பட்டியலையும் ஆண்டுவாரியாகப் படியுங்கள். எடின்பரோவில் முதலாண்டிலேயே ஹாஸ்கெல் சொல்லிக்கொடுக்கிறார்கள், கணிதச் சார்புகளை அடிப்படையாகக் கொண்ட, வழக்கமானவற்றிலிருந்து மாறுபட்ட நிரல்மொழி அது. ஏற்கெனவே நிரல் எழுதப் பழகி வந்தவர்களும் அங்கே மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். நிரல்மொழிகளின் அடிப்படையை விரும்பும் உங்களுக்கு அது விருந்து. ஸ்காட்லாந்தின் நான்காண்டு முறையில் தொடக்க ஆண்டுகளில் வேறு துறைப் பாடங்களையும் எடுக்கலாம், மொழியியலும் அதில் வரும். இங்கிலாந்தின் மூன்றாண்டுப் படிப்பு முதல் நாளிலிருந்தே தன் துறைக்குள் நேராக இறங்கிவிடும். கணினி அறிவியல் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு அது மிகவும் பொருத்தம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் கேள்வியே சொல்கிறது.

பதில் 3 (தொழில்துறைப் பயிற்சி ஆண்டை முடித்தவர்)

மற்றொரு பக்கத்தையும் சொல்கிறேன். பயிற்சி ஆண்டு மிகப் பெரிய வாய்ப்பு. மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், ஆனால் படிப்பின் பகுதியாக வரும் பயிற்சியில் முழுநேரமும் பார்க்கலாம். அந்த ஆண்டுக் கட்டணமும் பொதுவாக வெகுவாகக் குறையும். ஆனால் பட்டத்தின் பெயரில் பயிற்சி இருப்பதாலேயே வேலை கிடைத்துவிடாது. பல்கலைக்கழகம் உதவும், விண்ணப்பித்து வெல்ல வேண்டியது நீங்கள். வேலை அமையாமல் மூன்றாண்டுப் படிப்புக்கு மாறினால் விசாவுக்கு என்ன ஆகும் என்று மான்செஸ்டரின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. எடின்பரோவின் பாடப்பட்டியலைப் படித்தேன், மனம் அங்கேதான் போகிறது. வீட்டில் கேட்பது ஒன்றுதான்: கூடுதலாகும் ஓராண்டுச் செலவுக்கு ஈடாக, படிப்புக்குப் பின் பிரிட்டனில் அதிக நாள் தங்க முடியுமா?

பதில் 1

முடியாது. பட்டம் முடித்தபின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க உதவுவது கிராஜுவேட் விசா. படிப்பு எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்து அதன் காலம் கூடுவதில்லை. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்கள்தான், அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்தால் 2 ஆண்டுகள். இனிமேல் சேரும் உங்களுக்கு 18 மாதக் கணக்குதான்.

பணத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். விசாவுக்காக நீங்கள் காட்ட வேண்டியது முதலாண்டுக் கட்டணத்தையும் அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் மட்டுமே. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்குப் பணம் இருக்கிறதா என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் பல குடும்பங்கள் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகின்றன. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். படிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் உயருமா, அனுமதிக் கடிதத்தில் சொன்ன தொகையே கடைசிவரை நிற்குமா என்று எடின்பரோவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலோடு நான்கு ஆண்டுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். தொகை தாங்கும் என்றால் எடின்பரோ ஃபர்ம், சவுத்தாம்ப்டன் இன்சூரன்ஸ். தாங்காது என்றால் சவுத்தாம்ப்டனையே ஃபர்ம் ஆக்குங்கள்.