பிள்ளைக்குக் கழுவிப் பழக்கணுமா, தாளே போதுமா?

குழித்துறை மருமகள்:
எனக்க மகளுக்கு 6 வயசு. பிறந்து வளர்ந்தது லண்டன்ல. லீவுக்கு குழித்துறை வீட்டுக்கு வந்திருக்கோம். கக்கூஸ் போனா அவளுக்கு தாள் வச்சுத் துடைச்சுத்தான் பழக்கம், கையால கழுவச் சொன்னா அழுவா. வெள்ளம் தொடாம என்ன சுத்தம்னு மாமியார் சத்தம் போடுதாவ. கை படுறதுதான் அழுக்கு, தாள்தான் பாதுகாப்புன்னு வீட்டுக்காரர் சொல்லுதாரு. இதுக்கிடையில பிள்ளைக்கு அங்க வச்சே ஒண்ணுக்குப் போகும்போ எரிச்சல் வந்து மருந்து குடுத்தோம். இப்ப திரும்பவும் எரியுதுங்கா. யாரு சொல்லுறது சரி?

கோட்டார் சிஸ்டர்:
மக்ளே, நான் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. முதல்ல நாளைக்கே பிள்ளையை டாக்டர்ட்ட காட்டு. எரிச்சல் திரும்ப வந்தா மூத்திரம் கல்ச்சர் பாக்கணும், அதாவது மூத்திரத்துல என்ன கிருமி வளருதுன்னு பாக்குற டெஸ்ட். மிச்சம் இருக்க மருந்தை எடுத்துக் குடுத்திராத. காய்ச்சல், குளிர், வாந்தி, விலாப்பக்கம் வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டுப் போ.

தாள் மேலாப்புல உள்ளதை எடுக்கும், மடிப்புல ஒட்டினது அங்கேயே இருக்கும். அழுத்தித் துடைச்சா தோல் உரியும். மூலமோ வெடிப்போ உள்ளவங்களுக்கு தண்ணிதான் இதம். அதுல உன் மாமியார் சொல்லுறது சரி. ஆனா கழுவுற கையில கிருமி ஏறும்னு உன் வீட்டுக்காரர் சொல்லுறதும் பொய் இல்ல. டைபாய்டு, ஏ வகை மஞ்சக்காமாலை, வயித்துப்போக்கு எல்லாம் மலத்துல இருந்து கை வழியா வாய்க்குப் போறதுதான். தாள் பிடிச்ச கைக்கும் அதே கதிதான், மெல்லிசு தாள் கிருமியைத் தடுக்காது. ரெண்டு பேருக்கும் சோப்பு வேணும், 20 விநாடி, நகத்துக்குள்ளயும் பெருவிரல் இடுக்கிலயும் படணும். நம்ம வீடுகள்ல கக்கூஸுக்குள்ள வாளி இருக்கும், கப்பு இருக்கும், சோப்பு மட்டும் அடுக்களைக் குழாய்ப் பக்கம் இருக்கும். பிள்ளை அங்க போய்ச் சேருறதுக்குள்ள கதவுக் கொண்டி, சுவிட்ச், ஃபிரிட்ஜ் எல்லாம் தொட்டிரும். சோப்பைக் கொண்டு கக்கூஸ்லயே அவளுக்கு எட்டுற உயரத்துல வை.

இதைவிட முக்கியம், பொம்பளப் பிள்ளைக்கு கை போற திசை. மூத்திரக் குழல் வளர்ந்த பெண்ணுக்கே 4 சென்டிமீட்டர்தான், குழந்தைக்கு இன்னும் குட்டை. மூத்திரத் தொற்று பெரும்பாலும் குடல்ல இருக்க ஈ கோலை கிருமியாலதான் வரும். முன்பக்கமா கையை விட்டு, பின்னால இருந்து முன்னால இழுத்துக் கழுவினா அந்தக் கிருமியை நாமளே கொண்டு சேக்கிறோம். பெரிய பொம்பளைங்களே இப்படிக் கழுவுறதை நான் நிறைய பாத்திருக்கேன், யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. வலது கையால கப்புத் தண்ணியை முன்பக்கம் இருந்து ஊத்தணும். இடது கை முதுகுப்பக்கமா போய்க் கழுவணும், முன்னால வரவே கூடாது. தாள்ல துடைச்சாலும் அதே திசைதான். வெறும் தண்ணி போதும், டெட்டால் கலக்காத, எரியும்.

ஈரத்தோட ஜட்டி போடாம ஒத்தி எடு. அவளை அழ வைக்காத. முதல்ல தாள்ல துடைக்கட்டும், நீ தண்ணி ஊத்து, பிறகு தாள்லயே ஒத்தட்டும். பள்ளிக்கூடத்துல ஒண்ணுக்கு வந்தா அடக்கி வைக்குதாளா, மலச்சிக்கல் உண்டான்னும் கேளு. தொற்று திரும்பத் திரும்ப வர அதுவும் காரணம்.

மார்த்தாண்டம் பிளம்பர்:
பிள்ளைக்கு ஹெல்த் ஃபாசெட், அதான் கையில பிடிச்சுத் தண்ணி அடிச்சுக் கழுவுற ஹோஸ், கொள்ளாம், கை படுறது குறையும். ஆனா மாட்டுற கொக்கி கிளாசெட் விளிம்புக்கு மேல இருக்கணும். ஹோஸ் தொங்கி கிளாசெட்டுக்குள்ள விழுந்து கிடக்கும்போ மேல தொட்டி காலியாச்சுன்னா, லைன்ல உறிஞ்சல் வந்து அந்த அழுக்குத் தண்ணியை உள்ள இழுக்க வாய்ப்பு உண்டு. தண்ணி திரும்பிப் போகாமத் தடுக்க ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போடுங்க. வேலை முடிஞ்சதும் ஹோஸுக்குத் தண்ணி விடுற ஆங்கிள் வால்வை அடைச்சிருங்க. வேகத்தையும் குறைச்சு வைங்க, பிள்ளைக்கு வலிக்கும்.

குழித்துறை மருமகள்:
காலையில டாக்டர்ட்ட காட்டி, கல்ச்சருக்குக் குடுத்தாச்சு சிஸ்டர். சோப்பும் உள்ள வச்சாச்சு. இன்னொண்ணு, எங்களுக்கு 5 சென்டு மனைதான். கிணத்துல இருந்து செப்டிக் டேங்க் 25 அடி கூட இருக்காது. அந்த வெள்ளத்துல கழுவலாமா?

கோட்டார் சிஸ்டர்:
50 அடியாவது இருக்கணும் மக்ளே. நம்ம பக்கம் மனையைத் துண்டு போட்டுத் துண்டு போட்டு, பாதி வீடுகள்ல இந்த நிலைமைதான். பக்கத்து வீட்டு டேங்க் எங்க இருக்குன்னும் பாரு. கழுவுற தண்ணியே கெட்டதுன்னா சோப்புப் போட்டும் பலன் குறைவு. கிணத்துத் தண்ணியை டெஸ்டுக்குக் குடு. அதுவரைக்கும் பிளீச்சிங் பவுடர் போடு. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. 2 மீட்டர் அகலக் கிணத்துல 3 மீட்டர் தண்ணி நின்னா ஏறக்குறைய 9,400 லிட்டர், 24 கிராம் வேணும். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிஞ்ச பிறகு தெளிவை மட்டும் கிணத்துல விட்டுக் கலக்கு. ராத்திரி போட்டா நல்லது, ஒரு மணி நேரமாவது கழிச்சுத்தான் கோரணும். பிள்ளைக்குக் குடிக்க மட்டும் கொதிக்க வச்ச தண்ணியே குடு.