ஆலனா, லவ்ஜாயா? டெக்சாஸ் ஆசிரியர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் ஆறு வருடமாக நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வீடு மாறுவதால் பள்ளியும் மாற வேண்டும். மனதில் இருப்பவை ஆலன், லவ்ஜாய் என்ற பக்கத்துப் பக்கத்துப் பள்ளி மாவட்டங்கள் (அந்தந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்).

ஓய்வூதியம் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் அதே டிஆர்எஸ் (மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம்) தான். சம்பளத்தில்தான் குழப்பம். 2025-இல் வந்த மாநிலச் சட்டப்படி, என்னைப் போல ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு 5,000 மாணவர்களுக்கு மேல் உள்ள மாவட்டத்தில் 5,000 டாலர் உயர்வு, சின்ன மாவட்டத்தில் 8,000. லவ்ஜாய் சின்னது. ஆனால் அடிப்படைச் சம்பளத்தையும், காப்பீட்டுக்கு மாவட்டம் போடும் பங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமே! கணக்கு வாத்தியாருக்கே தலை சுற்றுகிறது.

அப்புறம், பணத்தை விட எனக்கு முக்கியமானது அன்றாட வேலை. சின்ன மாவட்டத்தில் ஒரே ஆள் மூன்று வகுப்புக்குப் பாடம் தயாரிக்க வேண்டியிருக்குமா? பெற்றோர் நெருக்கடி எப்படி? பாடம் தயாரிக்க விடும் பீரியட் நிஜமாகவே கையில் கிடைக்கிறதா, மீட்டிங்கிலேயே போய்விடுகிறதா?

வகுப்புகள் தொடங்க 45 நாளுக்கு முன்பே ராஜினாமா கொடுக்க வேண்டும். தாமதித்தால் சான்றிதழுக்கே சிக்கல் வரலாம். அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வெளிப்படையாக எழுதத் தயங்கினால் இன்பாக்ஸில் வாருங்கள்.