படம் நீளமாக இருந்தாலே பனோரமாவா?

கேள்வி:
அப்பாவின் பழைய பிலிம் கேமராவில் ‘பனோரமா’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தள்ளினால் உள்ளே மேலும் கீழும் கறுப்புத் தகடு வந்து மறைக்கிறது, படம் ரிப்பன் மாதிரி வருகிறது. இதுதான் பனோரமா கேமராவா? ஸ்விங் லென்ஸ், நோடல் பாயின்ட் என்றெல்லாம் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

பதில் 1:
இல்லைங்க, அது வெறும் வெட்டு. 36×24 மி.மீ. பிரேமை 36×13 ஆக்குகிறது. ஒரே இடத்தில் நின்று சுவிட்சைப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்துப் பாருங்கள்: இடது ஓரமும் வலது ஓரமும் மாறவே மாறாது, வானமும் தரையும்தான் போயிருக்கும். நிஜ பனோரமா கேமரா பிலிமையே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். 1998இல் வந்த ஹாசல்பிளாட் எக்ஸ்பானில் பிரேம் 65 மி.மீ. அகலம். சாதாரண பிரேமில் பக்கவாட்டில் சுமார் 44 டிகிரி காட்டும் 45 மி.மீ. லென்ஸ் அதில் 72 டிகிரி வரை காட்டுகிறது.

பதில் 2:
எக்ஸ்பானில் லென்ஸ் அசையாது. ஸ்விங் லென்ஸ் என்பது வேறு. ரஷ்ய ஹொரைசான், ஜப்பானிய வைட்லக்ஸ் இரண்டிலும் பிலிம் வளைவாக உட்கார்ந்திருக்கும், லென்ஸ் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது ஒரு மெல்லிய பிளவு வழியாக வெளிச்சம் பிலிமைத் தடவிக்கொண்டே போகும். ஹொரைசானில் 120 டிகிரி கிடைக்கும். ஆனால் நேர் எதிரே ஒரு நீளச் சுவர் இருந்தால் நடுவில் புடைத்துக்கொண்டு வரும், அதுதான் இதன் முத்திரை. சர்குட் கேமராவில் கேமராவே சுற்றும். அதனால் குழுப் படத்தில் ஒரு ஓரத்தில் நின்றவர் பின்பக்கமாக ஓடிப்போய் மறு ஓரத்திலும் நின்றால் ஒரே படத்தில் இரண்டு தடவை விழுவார்!

கேட்டவர்:
சரி, இப்போது புரிகிறது. அப்புறம் நோடல் பாயின்ட்? டிஜிட்டலில் நாலைந்து படம் எடுத்து ஒட்டினால் கிட்டே இருக்கும் கம்பி மட்டும் உடைந்து தெரிகிறதே.

பதில் 3:
விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடது கண், வலது கண் என்று மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் தாவுகிறதா? அதுதான் பாரலாக்ஸ். கேமராவை அதன் உடலை மையமாக வைத்துத் திருப்பினால் லென்ஸ் இடம் மாறிவிடுகிறது, கம்பியும் தாவுகிறது. திருப்ப வேண்டிய மையம் லென்ஸின் நுழைவுத் துளை. முன்பக்கமிருந்து பார்த்தால் அப்பெர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். நோடல் பாயின்ட் என்று எல்லோரும் சொன்னாலும் அது தவறான பெயர், ஒளியியலில் அது வேறு புள்ளி. கிட்டே ஒரு குச்சி, தொலைவில் ஒரு குச்சி, இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி, டிரைபாடில் கேமராவை முன்னே பின்னே நகர்த்தித் திருப்பிப் பாருங்கள். குச்சிகள் விலகாத இடம் கிடைத்ததும் அங்கே ஒரு அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருக்கும் மலையை மட்டும் எடுப்பதென்றால் இந்தப் பாடு வேண்டாம், கையில் பிடித்தே எடுக்கலாம்.