மறு: ‘கலெக்டிவ் எஃபிகசி’ – கேட்பாருடைமை என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் குற்றச் சமூகவியல் கலைச்சொல் பட்டியலில் ‘கலெக்டிவ் எஃபிகசி’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடுவதுதான் இழுபறியாகக் கிடக்கிறது. ஒரு தெருக்காரர்கள் ஒருவரையொருவர் நம்பி, தவறு நடந்தால் தட்டிக் கேட்பார்கள் என்ற நிலைக்குப் பெயர் அது. இதுவரை வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘கூட்டுத்திறன்’ போதும். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல்லுக்குப் பொருந்துகிறது ஐயா, பொருளுக்குத்தான் பொருந்தவில்லை. கூட்டுத்திறன் என்றால் எனக்குக் கபடி அணிதான் நினைவுக்கு வருகிறது. இதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் சாம்ப்சன், ராடன்புஷ், ஏர்ல்ஸ் மூவரும் அளந்தது வேறு. 1995-இல் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? சுவரில் பெயின்டால் கிறுக்கினால்? சின்னப் பையன் பெரியவரிடம் மரியாதையில்லாமல் நடந்தால்? வீட்டு வாசலில் அடிதடி என்றால்? செலவைக் குறைக்கிறோம் என்று பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப் பார்த்தால்? இதோடு, இங்குள்ளவர்களை நம்பலாமா, ஒருவருக்கொருவர் உதவுவார்களா என்று இன்னொரு வரிசை. இரண்டு வரிசை விடைகளும் ஒட்டியே போனதால் சேர்த்து ஒரே அளவையாக்கினார்கள். ‘நீ தட்டிக் கேட்பாயா’ என்று யாரையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் வீரர்கள்தான். மற்றவர்கள் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு என்பதையே முதல் வரிசை அளக்கிறது. வறுமை முதலானவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோதும், இந்த எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. முடிவு 1997-இல் வெளியானது.

> குறளில் ‘வினைத்திட்பம்’ இருக்கிறதே. ‘கூட்டு வினைத்திட்பம்’ எனலாம்.

அழகான சொல், விட மனமில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் குறளே அதை ‘ஒருவன் மனத்திட்பம்’ என்கிறது. உளவியலாளர் பண்டூரா 1977-இல் ‘என்னால் முடியும்’ என்ற தனிமனிதரின் நம்பிக்கையைப் பற்றி எழுதிய கருத்துக்கு (‘செல்ஃப் எஃபிகசி’) அதை வைத்துக்கொள்வோம், கச்சிதமாக உட்காரும். சாம்ப்சன் குழுவினர் பேசுவது ஆளின் மனத்தைப் பற்றி அல்ல, தெருவின் இயல்பைப் பற்றி.

இந்த ‘தெருவின் இயல்பு’ என்ற பார்வைக்குப் பெரிய முன்கதை உண்டு. சமூகவியலாளர்கள் ஷாவும் மெக்கேயும் சிகாகோ சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, பிடிபட்ட ஒவ்வொரு சிறுவனின் வீட்டையும் வரைபடத்தில் புள்ளியாகக் குத்தினார்கள். நகரின் நடுவணிகப் பகுதியைச் சுற்றிப் புள்ளிகள் ஈயாக மொய்த்தன. அங்கே முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் வெளியேறிப் போலந்துக்காரரும் இத்தாலியரும் குடியேறினார்கள். ஆள் மாறியும் அந்தப் பகுதியின் சிறார் குற்ற விகிதம் இறங்கவில்லை. வெளியேறிப் போனவர்களிடையே இறங்கியது. ‘அந்த இனத்துப் பையன்களே அப்படித்தான்’ என்ற பேச்சுக்கு 1942-இலேயே நூலாக வந்த பதில் இது. நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அது வேறு கதை.

> ‘ஊர்க்கட்டுப்பாடு’ மக்கள் நாவில் ஏற்கெனவே இருக்கும் சொல். புதிதாக எதற்கு?

இதை மட்டும் ஏற்க மாட்டேன். மக்கள் நாவில் இருப்பதுதான் சிக்கலே. சாதி மாறிக் கல்யாணம் செய்த வீட்டைத் தள்ளிவைப்பது, அவர்களுக்குக் கடையில் சாமான் கொடுக்காதே என்பது, மீறினால் அபராதம் என்பது, இவைதானே அந்தச் சொல்லோடு செய்தித்தாளில் வருகின்றன? பயத்தால் அடங்கியிருக்கும் ஊரும் அமைதியாகத்தான் தெரியும். இந்த அளவையிலோ பாதிக் கேள்விகள் பரஸ்பர நம்பிக்கையைப் பற்றியவை.

‘ஒற்றுமை’, ‘ஒட்டுறவு’ என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். பாதிதான் பொருந்தும். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின நடுத்தர வர்க்கத்தார் வாழும் ஒரு குடியிருப்பைச் சமூகவியலாளர் மேரி பட்டில்லோ ஆராய்ந்தார். நெருக்கமான உறவும் பழக்கமும் உள்ள இடம். ஆனால் போதைப்பொருள் விற்பவனும் அந்த உறவுவலைக்குள்ளேயே இருக்கிறான்: ஒரு வீட்டின் பிள்ளை, இன்னொரு வீட்டின் மருமகன். அவன்மேல் போலீசை ஏவ யாருக்குக் கை வரும்? உறவு அடர்ந்தால் கண்டிப்பும் கூடும் என்பது நிச்சயமில்லை.

என் பரிந்துரை: கேட்பாருடைமை.

‘கேட்பாரற்றுக் கிடந்த பை’ என்று தினம் படிக்கிறோம். ‘தட்டிக் கேட்க ஆளில்லை என்றால் தம்பி சண்டப்பிரசண்டன்’ என்ற பழமொழி இந்தக் கோட்பாட்டை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஒழுக்கமுடைமை, ஊக்கமுடைமை வரிசையில் கேட்பாருடைமை; எதிர்ச்சொல் கேட்பாரின்மை; பெயரடை வேண்டுமென்றால் கேட்பாருள்ள தெரு, கேட்பாரற்ற தெரு. தீயணைப்பு நிலையக் கேள்வியையும் இது தாங்கும். அங்கே தட்டிக் கேட்க வேண்டியது பையன்களை அல்ல, நகராட்சியை. ‘கேள்’ இரண்டுக்கும் செல்லும்.

‘கேட்பார்’ என்றால் வானொலி கேட்பவர் என்று நினைத்துவிடுவார்களே என்று மறுப்பு வரும். ‘கேட்பாரற்று’ என்பதைப் படித்து வானொலியை நினைத்தவர் உண்டா?

இன்னொன்று. ‘உடைந்த சன்னல்’ கோட்பாட்டுப் பதிவில் இதற்கு ஒரு சுட்டு தர வேண்டும். குப்பையும் கிறுக்கலுமே குற்றத்தை அழைக்கின்றன என்பது 1982-இல் வில்சனும் கெல்லிங்கும் சொன்னது. அதைச் சோதிக்கச் சாம்ப்சனும் ராடன்புஷ்ஷும் சிகாகோவில் ஒரு வண்டியை மெல்ல ஓட்டி இருபுறத் தெருக்களையும் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். கேட்பாருடைமையைக் கணக்கில் சேர்த்ததும் குப்பைக்கும் பெரும்பாலான குற்றங்களுக்கும் இருந்த தொடர்பு மெலிந்துபோனது என்று 1999-இல் எழுதினார்கள். வழிப்பறியில் மட்டும் அது மிஞ்சியது. இரண்டு பதிவுகளையும் தனித்தனியாக விட்டால் மாணவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள்.

கடைசியாக, போலீசும் சட்டமும் இல்லாமல் அக்கம்பக்கத்தாரே கண்டிப்பதைக் குறிக்கும் ‘இன்ஃபார்மல் சோஷியல் கன்ட்ரோல்’ என்பதற்குத் ‘தட்டிக்கேட்பு’ என்றே வைத்துவிடலாமா, அல்லது பாடநூல் நடைக்கு ‘முறைசாராக் கட்டுப்பாடு’ இருக்கட்டுமா? எனக்கு முன்னதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர்கள் சொல்லுங்கள், வகுப்பில் எழுதிப்போட முடியுமா?

அன்புடன்